ஷூவைக் கழற்றச் சொன்னவன்

ஒரு பெண்ணின் கால் நசுங்க நான் காரணமாக இருந்தேன். அதைவிட மோசமானது, அதற்குப் பிறகு நான் சொன்ன பொய். விதியை மீறி அவராகவே உள்ளே போனார் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நான் படித்தவன், தலை நரைத்தவன், அதுவரை பொய் சொல்லிப் பிடிபடாதவன்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். விவசாயக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். வணிகவியலில் முதுகலை முடித்துவிட்டு, போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தேன். பின்னர் சரக்கு அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கிக்கு மேலாளர் ஆனேன். அவர் காலமானதும் மகன் சின்ன முதலாளியாகப் பொறுப்புக்கு வந்தார். மூட்டை மூட்டையாக வடக்கே அனுப்பிக்கொண்டிருந்த தொழிலை அவர் மாற்றினார். ஏலக்காயும் மிளகும் கிராம்பும் காப்பித்தூளும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் ஆயின. கைப்பேசியில் கேட்டவர்களின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

முதலில், கிட்டங்கியில் வேலை பார்த்த பெண்கள்தான் கூடையை எடுத்துக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவில் நடந்து, ஆர்டருக்கு உரிய பாக்கெட்டுகளைப் பொறுக்கிவந்து கட்டினார்கள். சாயங்காலம் கால் வீங்கிப் போகும். பிறகு எந்திர வண்டிகள் வந்தன. தரையோடு தரையாக ஓடும் தட்டையான வண்டிகள். ஒரு ரேக்கின் அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு, பெண்கள் நிற்கும் மேசைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். எந்தத் தட்டில் கை வைக்க வேண்டும் என்று விளக்கு காட்டும். எடுத்ததும் ரேக் திரும்பிப் போகும், அடுத்தது வரும். எந்தச் சரக்கு எந்த நாளில் அதிகம் கேட்கப்படும் என்று கணினியே கணித்து, அந்த ரேக்குகளை முன்கூட்டியே கிட்டத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். மத்தியானம் வரை ஆன வேலை காலைக் காப்பி நேரத்துக்குள் முடிந்தது.

பெண்கள் அந்த வண்டிகளுக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள்.

"இந்த ஆமைக்குப் பசியும் கெடையாது, வீட்டுக்காரன் தொல்லையும் கெடையாது. குடுத்து வச்சது" என்பார் ஒருவர்.

"ஒன் வீட்டுக்காரனுக்கும் அடியில ஒரு சக்கரத்த மாட்டிவிடு. சொன்ன எடத்துல போய் நிப்பான்."

கால் வீக்கம் குறைந்ததில் அவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்குப் பெருமை. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்தான் சுற்றிக்காட்டுவேன், ஆங்கிலத்தில்.

வண்டிகள் ஓடும் பகுதியைக் கம்பிவலை போட்டு மறித்திருந்தார்கள். அதற்குள் போக வேண்டுமென்றால் எந்திரக் கம்பெனி கொடுத்த கனமான ஷூவைப் போட்டுக்கொள்ள வேண்டும். முனையில் இரும்பு. குதிகாலில் ஒரு சின்ன வில்லை பதித்திருந்தார்கள். வண்டிகள் அந்த வில்லையை உணர்ந்துதான் வேகம் குறைந்து நிற்கும். மேலே கேமராக்களும் உண்டு. ஆனால் ரேக்குகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்த ஆளைக் கேமரா பார்க்காது. இதையெல்லாம் அந்தக் கம்பெனியின் பொறியாளர் எனக்கு விளக்கினார். நான் பெண்களுக்கு விளக்கினேன்.

ஷூவில்தான் சிக்கல் வந்தது. எங்கள் ஊர்க் கிட்டங்கிகளில் ஏலக்காய் கொட்டிக் கிடக்கும் இடத்துக்குள் யாரும் செருப்புக் காலோடு போவதில்லை. காயை லட்சுமி என்பார்கள். பழைய முதலாளியும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதில் வியாபாரமும் இருக்கிறது. மிதிபட்ட காய் வாய் பிளந்துவிடும், தரம் இறங்கிவிடும்.

"காயி மேல பூட்ஸுக்காலோட ஏறி நடக்கவா? நல்லா இருக்கு கத" என்றார் ஒரு பெண்.

"நீ மலையில காய் எடுக்கப் போனப்ப பூட்ஸு போடல?"

"அது அட்டைக்குப் பயந்து போட்டது. இங்க என்ன அட்டையா கெடக்கு?"

இப்படிப் பதில் சொன்னவர்தான் நான் சொல்லவந்த பெண். மலைமேல் கேரளப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இறந்த பிறகு, மகள் கல்லூரியில் படிக்க வேண்டுமென்று போடியில் வாடகைக்கு வீடு பார்த்துக் கீழே இறங்கி வந்தார். பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னை "சாரே" என்றுதான் கூப்பிடுவார். வேலையில் சுத்தம். ஷூவை முதலில் எதிர்த்தாலும் பிறகு தவறாமல் போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போடவைத்தார்.

தீபாவளிக்கு முந்திய வாரம். மத்தியான வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறாத பார்சல் அன்று மதுரைக்குப் போகாது. திரையில் ஆர்டர்கள் குவிந்துகொண்டே இருந்தன. ஒரு வண்டி திரும்பும்போது ரேக்கில், இன்னும் பாக்கெட் போடாத ஏலக்காய் இருந்த, சரியாக மூடாத பெட்டி சாய்ந்து காய் கொட்டியது. பச்சை மாறாத, பெரிய காய்.

இந்த மாதிரி நேரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லா வண்டிகளும் அந்தந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் மறுபடி கிளப்புவதற்கு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். வேன் போய்விடும். வண்டிகள் நின்றால் சென்னையில் இருக்கும் சின்ன முதலாளியின் கைப்பேசியிலும் தெரிந்துவிடும். அந்த மாதம் முழுக்க நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தப் பெண் வலைக்கதவின் பக்கத்தில் நின்றிருந்தார், ஷூவோடு.

"ஆத்தா, வெரசாப் போயி அள்ளிட்டு வந்துரு. ஷூவக் கழட்டிட்டுப் போ, காய மிதிச்சிராத" என்றேன்.

"ஆமையெல்லாம் நிக்கணுமில்ல, சாரே?"

"அதெல்லாம் அந்தக் கோடியில ஓடுது. நான் பாத்துக்கிறேன்."

அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குந்தி உட்கார்ந்து கையால் கூட்டி அள்ளினார். ஷூ இல்லையென்றால் வண்டிகளுக்கு ஆள் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். தெரிந்துதான் அனுப்பினேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் வாசல் பக்கம் திரும்பி அவருக்குக் கையைக் காட்டினேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் அதுதான்.

அந்தப் பெண் கத்தவில்லை. "சாரே" என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் திரும்பியபோது, நிறைந்த ரேக்கைச் சுமந்துவந்த வண்டி அவருடைய வலது கால்மேல் ஏறி நின்றிருந்தது. அப்போதுதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொறியாளர் மடிக்கணினியைத் திறந்து கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண் ஷூவைக் கழற்றுவதும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதும் அதில் தெளிவாக இருந்தன. நான் வலைக்கு இந்தப் பக்கம், கேமராவுக்கு எட்டாத இடத்தில் நின்றதால் என் முகம் விழவில்லை. அந்தக் கேமராவில் ஒலி பதிவதில்லை.

"அவங்களாவே போயிட்டாங்களா, சார்?" என்று கேட்டார் பொறியாளர். கேள்வியிலேயே பதிலும் இருந்தது. நான் "ஆமாம்" என்றேன்.

மறுநாள் சின்ன முதலாளி வந்தார். இருவரும் கட்டிலருகே நின்றோம். அந்தப் பெண் அவரைப் பார்த்து, "சாருதான் போகச் சொன்னாரு. ஷூவக் கழட்டச் சொன்னதும் சாருதான்" என்றார். குரலில் குற்றம் சாட்டுவது போன்ற தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். முதலாளி என்னைப் பார்த்து, "என்ன அங்கிள்?" என்றார்.

"வலியில பேசுறாங்க, தம்பி" என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் பொய் பயத்தில் வந்தது என்று ஒருவேளை சொல்லிக்கொள்ளலாம். இதை நான் யோசித்துச் சொன்னேன். அன்று மாலையே பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். விதியை மீறியவர் என்பதால் நஷ்டஈடு கிடையாது என்றார்கள். பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். இத்தோடு முடிந்திருந்தாலும் பாவம் பாவம்தான். ஆனால் என் பொய்யை வைத்து முதலாளியும் எந்திரக் கம்பெனியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஆட்கள் விதிப்படி நடக்க மாட்டார்கள், ஆட்கள் இருக்கும்வரை ஆபத்து இருக்கும் என்பது அந்த முடிவு. கேமராவால் பார்த்து, பாக்கெட்டைத் தானே எடுத்துப் பெட்டியில் போடும் எந்திரக் கைகளை அடுத்த வருடம் கொண்டுவந்து பொருத்தினார்கள். மற்றப் பெண்கள் எல்லோருக்கும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அனுப்பும் வேலையையும் நான்தான் செய்தேன். பிறகு ஓய்வு பெற்றேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்தப் பெண்கள் கோபத்தைக் கொட்டியது என்மேல் இல்லை. "ஒன் ஒத்தக் கால வச்சு எங்க எல்லாருக்கும் சோத்துல மண்ணப் போட்டுட்ட" என்று தெருக்குழாயில் வைத்தே அவரைச் சொன்னார்களாம். வேறு கிட்டங்கியில் வேலை கேட்டால், சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டவர் என்று சேர்க்க மறுத்தார்கள். அவர் குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் தம்பியின் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட மாட்டார் என்ற நிம்மதி.

போன வருடம் அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பெரிய நகரத்துக்கு வெளியே உள்ள கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்களுக்கு எந்திரங்கள் கொடுத்த அதே கம்பெனி அங்கேயும் கொடுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"புதுசாச் சேர்ந்தவங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. எப்படி வேல பாக்கக் கூடாதுன்னு ஒரு படம் போட்டாங்க. அது எங்கம்மா" என்றார்.

நானும் எழுந்து நின்றேன்.

"பக்கத்துல இருந்த பிள்ள சிரிச்சுச்சு. 'இந்தம்மாவுக்கு அறிவே இல்லையா, ஷூவ அவுத்து ஓரமா வேற வைக்குது பாரு'ன்னு. சாரு போகச் சொன்னாருன்னு அம்மா அன்னைக்கே சொன்னாங்க. படத்தப் பாத்த பெறகு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பெத்த தாய சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்கிறேன். நீங்க சொல்லுங்க. அம்மாவா போனாங்களா, நீங்க அனுப்புனீங்களா?"

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் நான் சொன்னதில்லை.

"நான்தான் அனுப்புனேன். ஷூவக் கழட்டச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

அந்த மகள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்தப் படத்தப் போடுறவங்ககிட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் தாயிடம் போனேன். போடியிலிருந்து ஜீப்பில் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து மேலே சரிவில் ஏறினேன். வாசலில் உட்கார்ந்து காப்பிப் பழத்திலிருந்து பழுக்காத காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு நானும் கீழே உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவருக்குத் தெரிந்த கதையையே அவரிடம் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நானாப் போகலன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன், சாரே. ஆனா வேலைய விட்டு நிறுத்துனப்பக் காட்டுன படத்துல நானாத்தான் போறேன். பாத்த எல்லாரும் நீயாத்தான் போனேங்கிறாங்க. போகப் போக எனக்கே அப்படித்தான்போலன்னு ஆயிருச்சு. வலியில ஏதோ ஒளறிட்டேன்னு நெனைச்சேன். நீங்களும் அதத்தான சொன்னீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். "பாப்பாகிட்டச் சொல்லிட்டீங்கல்ல, அது போதும்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. காலை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

அடுத்துச் சின்ன முதலாளியிடம் போனேன். அவர் என்னை மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கடைசிவரை கேட்டார். "அங்கிள், இப்ப அங்க ஆளே இல்ல. யாருக்கும் இனிமே அடிபடப் போறதில்ல. இத ஏன் கிளறணும்?" என்றார். அந்தப் படத்தையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். அது எந்திரக் கம்பெனியின் கையில் இருக்கிறது என்றார்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். விசாரணைக்கு அந்தப் பெண் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து வந்திருந்தார். அதிகாரி பொறுமையானவர். நான் சொன்னதை முழுக்க எழுதிக்கொண்டார். அடுத்து முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார். என் வயதைக் கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சமீபத்தில் எதையாவது மறந்துபோனதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் அதையும் மறைக்க முடியவில்லை. பிறகு என் பழைய வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். நேரம், இடம், அவர் நின்ற நிலை, நான் கொடுத்திருந்த எச்சரிக்கைகள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. இதை எழுதியபோது உங்கள் ஞாபகம் நன்றாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

மனு தள்ளுபடி ஆயிற்று. இரக்கத்தில் பேசும் ஒரு முதியவரின் சொல்லைவிட, சம்பவம் நடந்த உடனே எழுதியதும் படமும் ஒத்துப்போவதே நம்பத்தக்கது என்று உத்தரவில் இருந்தது. வெளியே வந்ததும் அந்தப் பெண் தம்பியிடம், "வா, ஜீப்புப் போயிரும்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய பெண்களையாவது பார்த்துச் சொல்வோம் என்று அவர்கள் தெருவுக்குப் போனேன். நாலைந்து பேர் கூடினார்கள். சொன்னேன். அவர்கள் உடனே நம்பினார்கள். இவ்வளவு நாளில் என்னை உடனே நம்பியவர்கள் அவர்கள்தான்.

"பாவி மனுசா. அவளப் போயி என்னவெல்லாம் பேசிட்டோம்" என்றார் ஒருவர்.

இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அவ மேல தப்பில்ல. இனிமே ஒங்களத் திட்டுறோம். திட்டுனா சோலி வருமா?"

"சால்வ வரும். வாங்கிக்க" என்றார் மூன்றாமவர். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். மலைக்குப் போய் அவரைப் பார்ப்பதாக ஒருவர் சொன்னார். இதுவரை யாரும் போகவில்லை என்று தெரிகிறது.

எந்திரக் கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் ஒரு பதில் வந்தது. சம்பந்தப்பட்டவரின் கண்ணியம் கருதி, அந்தப் படத்தில் முகம் தெரியாமல் மங்கலாக்கிவிட்டதாகவும், பாடமாக அது பயனுள்ளது என்பதால் தொடர்ந்து காட்டப்படும் என்றும் இருந்தது. என் முயற்சியில் நடந்த ஒரே மாற்றம் அது. அந்த மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியும். முந்தாநாள் புது ஆளுங்களுக்குப் போட்டாங்க. நானும் பின்னால நின்னேன்" என்றார்.

"முகம் தெரியலையே, தாயி?"

"கால் தெரியுது."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"யாரும் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சிரிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. எங்கம்மான்னு சொன்னா என்னையும் அனுப்பிருவாங்க" என்றார். வேலை நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.